மழலைக் கல்விக்கு யார் பொறுப்பு? அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் இடையே அலைக்கழியும் கர்நாடகம்

புது தில்லி: மூன்று வயது முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளின் கல்விப் பொறுப்பை அரசு ஏற்க வேண்டும் என்பதில் இன்று எந்தப் பெரிய கட்சிக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால், அந்தக் குழந்தைகளை எந்தத் துறை ஏற்பது, எந்தக் கட்டடத்தில் அமர்த்துவது, யார் கற்பிப்பது, குறை நேர்ந்தால் யாரிடம் கேட்பது என்பதில் தில்லி முதல் பெங்களூரு வரை குழப்பம் நீடிக்கிறது.

மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டுத் துறை அமைச்சர் அன்னபூர்ணா தேவியும், கல்வி அமைச்சர் தர்மேந்திர பிரதானும் 2025 செப்டம்பரில் தில்லியில் ஒரே மேடையில் அமர்ந்து, அங்கன்வாடி மையங்களைப் பள்ளி வளாகங்களுக்குக் கொண்டுவருவதற்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டனர். நாட்டில் உள்ள சுமார் 14 லட்சம் அங்கன்வாடிகளில் ஏறத்தாழ 2.9 லட்சம் மையங்கள் ஏற்கெனவே பள்ளி வளாகங்களில் செயல்படுவதாக அப்போது தெரிவிக்கப்பட்டது. இரு அமைச்சகங்களும் இணைந்து ஓர் ஆவணம் வெளியிட்டதே வரவேற்கத்தக்க மாற்றம்தான். எனினும், வளாகம் ஒன்றாவதால் பொறுப்பும் ஒன்றாகிவிடுமா என்ற கேள்விக்குக் கர்நாடகத்தின் அண்மைக்கால அனுபவம் தரும் பதில் ஊக்கமளிப்பதாக இல்லை.

தலைமுறைகளாகத் தமிழ்த் தொழிலாளர்கள் செறிந்து வாழும் பெங்களூரு நகரின் ஒக்கலிபுரம், ஸ்ரீராமபுரம் போன்ற பகுதிகளுக்கு இது வெறும் கொள்கை விவாதம் அன்று. காலையில் வேலைக்குப் புறப்படும் தாய், தன் நான்கு வயதுக் குழந்தையை எங்கே விட்டுச் செல்வது என்ற அன்றாடக் கேள்வி அது.

மூன்று வாசல்கள்

பெங்களூரு நகர ரயில் நிலையத்தை ஒட்டியுள்ள ஒக்கலிபுரம், ஒரு காலத்தில் ரயில்வேயையும் பின்னி போன்ற ஆலைகளையும் நம்பி வாழ்ந்த குடும்பங்களின் பகுதி. ஆலைகள் மூடப்பட்ட பின்னர் நிரந்தரச் சம்பளம் போய், தினக்கூலியும் சிறு வணிகமும் வீட்டு வேலையுமே பலருக்குப் பிழைப்பாயின. இத்தகைய குடும்பங்களின் குழந்தைக்கு முன்னால் கோட்பாட்டளவில் மூன்று வாசல்கள் உள்ளன.

முதலாவது, மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டுத் துறையின் அங்கன்வாடி. அங்கு உணவும் பராமரிப்பும் கிடைக்கும், கட்டணம் இல்லை. ஆனால், 'பள்ளி' என்ற மதிப்பைப் பெற்றோர் அதற்குத் தருவதில்லை. இரண்டாவது, எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் உள்ள அரசுப் பள்ளி அல்லது மாநகராட்சியின் மழலையர் பள்ளி. இவை எல்லாப் பகுதிகளிலும் இல்லை. மூன்றாவது, சந்துக்குச் சந்து முளைத்துள்ள தனியார் மழலையர் பள்ளிகள். ஆங்கிலம், சீருடை, வேன் என எல்லாம் உண்டு, கட்டணமும் உண்டு. கூலித் தொழிலாளியின் வருமானத்தில் கணிசமான பகுதியை அது விழுங்கிவிடுகிறது.

இந்த மூன்றாவது வாசலை ஏழைகளுக்கும் திறந்துவிட ஒரு சட்டம் இருந்தது. 2009-ம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்குகிறது. அப்பள்ளியில் மழலையர் வகுப்பு இருந்தால் ஒதுக்கீடு அந்த வகுப்பிலிருந்தே பொருந்தும். இதன்படி எல்.கே.ஜி. வகுப்பிலேயே இலவச இடம் பெற்ற குழந்தைகள் ஏராளம். ஆனால், அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ அருகில் இருந்தால் தனியார் பள்ளி இந்த ஒதுக்கீட்டைத் தர வேண்டியதில்லை என 2019-ல் கர்நாடக அரசு விதியைத் திருத்தியது. உயர் நீதிமன்றமும் அதே ஆண்டு அதை ஏற்றுக்கொண்டது. தெருவுக்குத் தெரு ஏதேனும் ஓர் அரசுப் பள்ளி உள்ள பெங்களூரு போன்ற நகரில், இத்திருத்தம் அந்த வாசலை ஏறக்குறைய மூடிவிட்டது.

அரசுப் பள்ளிகளை வலுப்படுத்துவதற்காகவே இத்திருத்தம் என்று அப்போது வாதிடப்பட்டது. வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால், அருகில் இருக்கும் அந்த அரசுப் பள்ளியில் எல்.கே.ஜி. வகுப்பே இல்லையென்றால் நான்கு வயதுக் குழந்தை எங்கே போவது என்பதற்கு விடை தரப்படவில்லை.

சட்டத்தில் விடுபட்ட வயது

சிக்கலின் வேர் அரசமைப்புச் சட்டத்தில் உள்ளது. 14 வயது நிறையும் வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி என்று கூறிய பழைய 45-வது பிரிவு, தொடக்க வயது எதையும் குறிப்பிடவில்லை. 2002-ம் ஆண்டின் 86-வது திருத்தம், 6 முதல் 14 வயது வரையிலான கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. அதே திருத்தம், ஆறு வயதுக்கு உட்பட்டோரை வழிகாட்டு நெறிகளில் மட்டும் நிறுத்திவிட்டது. அரசு 'முயல வேண்டும்' என்பதே அவர்களுக்குக் கிடைத்த உறுதிமொழி.

கல்வி உரிமைச் சட்டத்தின் 11-வது பிரிவும் இதே போக்கில், மூன்று வயது நிறைந்த குழந்தைகளுக்கு இலவச முன்பருவக் கல்வி தர அரசு 'ஏற்பாடு செய்யலாம்' என்கிறது. 'செய்ய வேண்டும்' என்று சொல்லவில்லை. நீதிமன்றத்தை நாடிப் பெறக்கூடிய உரிமை ஆறு வயதில்தான் தொடங்குகிறது.

மத்திய அரசின் 2020-ம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கையோ, குழந்தையின் மூளை வளர்ச்சியில் 85 சதவீதத்துக்கும் மேல் ஆறு வயதுக்குள் நிகழ்ந்துவிடுகிறது என்று கூறி, மூன்று முதல் எட்டு வயது வரையிலான பருவத்தை 'அடித்தள நிலை' என வகுத்தது. 2030-க்குள் எல்லோருக்கும் முன்பருவக் கல்வி என இலக்கும் நிர்ணயித்தது. ஆனால், அதை யார் தருவது என்று வரும்போது தனித்தியங்கும் அங்கன்வாடி, பள்ளி வளாக அங்கன்வாடி, தொடக்கப் பள்ளியின் மழலையர் பிரிவு, தனித்தியங்கும் மழலையர் பள்ளி என நான்கு வழிகளையும் அடுக்கிவிட்டு, தேர்வை மாநிலங்களிடம் விட்டது. உரிமை என்ற சட்டப் பாதுகாப்பை அதுவும் தரவில்லை.

அங்கன்வாடியின் அரை நூற்றாண்டு

1975 அக்டோபர் 2-ம் தேதி நாடெங்கும் 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்டது ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம். கர்நாடகத்தில் மைசூர் மாவட்டம் டி. நரசிபுரத்தில் 100 அங்கன்வாடிகளுடன் அது அறிமுகமானது. இன்று அம்மாநிலத்தில் 65 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் இயங்குகின்றன. உச்ச நீதிமன்றம் உணவு உரிமை வழக்கில் 2001-லும் 2006-லும் பிறப்பித்த ஆணைகளே இந்த விரிவாக்கத்துக்கு வலுவான உந்துதல் தந்தன. நாடு முழுவதும் 14 லட்சம் மையங்கள் அமைக்கப்பட வேண்டும் என 2006 டிசம்பரில் ஆணையிட்டது அந்நீதிமன்றமே.

இத்திட்டத்தின் ஆறு சேவைகளில் முன்பருவக் கல்வியும் ஒன்று. எஞ்சிய ஐந்தும் ஊட்டச்சத்து, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை உள்ளிட்ட சுகாதாரப் பணிகள். ஓர் ஊழியர், ஓர் உதவியாளர் என இருவரே கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், கைக்குழந்தைகள், மூன்று வயது கடந்த குழந்தைகள் அனைவரையும் கவனிக்க வேண்டும். இதற்கு மேல் பதிவேடுகள், 2021 முதல் 'போஷன் டிராக்கர்' செயலியில் பதிவேற்றம், கணக்கெடுப்பு, தேர்தல் பணி. கற்பிப்பதற்கு எஞ்சும் நேரம் எவ்வளவு என்பதை யாரும் ஊகிக்கலாம்.

இத்தனை பணிகளுக்கும் அவர்கள் பெறுவது ஊதியம் அல்ல, 'மதிப்பூதியம்'. மத்திய அரசு தன் கணக்கில் ஊழியருக்கான தொகையை 3,000 ரூபாயிலிருந்து 4,500 ரூபாயாக உயர்த்தியது 2018-ல். மாநிலங்கள் தங்கள் நிதியிலிருந்து கூடுதல் தொகை சேர்க்கின்றன. 2025-26 கர்நாடக நிதிநிலை அறிக்கையில் முதல்வர் சித்தராமையா ஊழியர்களுக்கு 1,000 ரூபாயும் உதவியாளர்களுக்கு 750 ரூபாயும் உயர்த்தி அறிவித்தார். 15 ஆயிரம் ரூபாய் தருவதாக 2023 சட்டப்பேரவைத் தேர்தலில் காங்கிரஸ் அளித்த வாக்குறுதியை ஊழியர் சங்கங்கள் தொடர்ந்து நினைவூட்டி வருகின்றன.

அங்கன்வாடி ஊழியர்கள் அரசுப் பதவி வகிப்பவர்கள் அல்லர் என்று உச்ச நீதிமன்றம் 2006-ல் கூறியது கர்நாடக வழக்கு ஒன்றில்தான். அதே நீதிமன்றம் 2022 ஏப்ரலில், குஜராத் வழக்கில், அவர்களுக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. இந்த இரு தீர்ப்புகளுக்கும் இடைப்பட்ட நிலத்தில்தான் அவர்கள் நிற்கின்றனர். ஆசிரியர் என்ற பெயரும் இல்லை. அரசு ஊழியர் என்ற பாதுகாப்பும் இல்லை.

ஃப்ரீடம் பார்க்கில் எழுந்த குரல்

இந்தப் பின்னணியில்தான் 2024-ல் மோதல் வெடித்தது. கல்யாண கர்நாடக மண்டலத்தின் ஏழு மாவட்டங்களில் 1,008 அரசுப் பள்ளிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கப் பள்ளிக் கல்வித் துறை முடிவெடுத்தது. அம்மண்டல மேம்பாட்டு வாரியத்தின் நிதி அதற்கு ஒதுக்கப்பட்டது. அதற்கு முன்பே 'கர்நாடக பப்ளிக் பள்ளி' எனப்படும் ஒருங்கிணைந்த வளாகங்களில் இவ்வகுப்புகள் இருந்தன.

அங்கன்வாடி ஊழியர்கள் அதிர்ந்தனர். நான்கு வயதிலேயே குழந்தைகள் பள்ளிக்குப் போய்விட்டால் மையங்கள் வெறிச்சோடும். பின்னர் குழந்தைகள் குறைவு என்ற காரணத்தைக் காட்டியே அவை மூடப்படும் என்பது அவர்களது அச்சம். 2024 ஜூனில் பெங்களூரு ஃப்ரீடம் பார்க்கில் சிஐடியு சார்பு சங்கத்தினர் திரண்டனர். எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளை அங்கன்வாடிகளிலேயே தொடங்க வேண்டும், தங்களுக்கு ஆசிரியர் தகுதி தர வேண்டும் என்பன அவர்களது கோரிக்கைகள்.

அரசு இறங்கி வந்தது. அங்கன்வாடிகளிலும் எல்.கே.ஜி., யு.கே.ஜி. நடத்தப்படும் என்று மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டுத் துறை அமைச்சர் லட்சுமி ஹெப்பால்கர் அறிவித்தார். அடுத்த மாதமே, முதற்கட்டமாகப் பெங்களூருவில் 250 மையங்களை 'அரசு மாண்டிசோரி'யாகத் தரம் உயர்த்தும் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது.

விளைவு என்ன? ஒரே அரசின் இரு துறைகள் ஒரே வயதுக் குழந்தைக்கு ஒரே பெயரில் இரு வகுப்புகளை நடத்துகின்றன. பள்ளியில் உள்ள வகுப்புக்கு ஒரு பாடத்திட்டம், அங்கன்வாடிக்கு வேறொன்று. இங்கே பள்ளிக் கல்வித் துறையின் அதிகாரி, அங்கே குழந்தைகள் மேம்பாட்டுத் திட்ட அலுவலர். பட்டப்படிப்பு முடித்த அங்கன்வாடி ஊழியர்கள் பலர் இருந்தும், அவர்களை முறையான பயிற்சி வாயிலாக ஆசிரியர்களாக உயர்த்தும் நிரந்தர வழி வகுக்கப்படவில்லை. பிளஸ்-2 முடித்தவர்களுக்கு ஆறு மாதச் சான்றிதழ் பயிற்சி, மற்றவர்களுக்கு ஓராண்டுப் பட்டயப் பயிற்சி என்று தேசியக் கல்விக் கொள்கை கூறியிருந்தது. பயிற்சி பெற்ற பின் அவர்களது தகுதி என்ன, ஊதியம் என்ன என்பதை அது சொல்லவில்லை.

தேசியக் கல்விக் கொள்கையை நிராகரித்த சித்தராமையா அரசு, மாநிலக் கல்விக் கொள்கை வகுக்கப் பேராசிரியர் சுகதேவ் தோரட் தலைமையில் 2023-ல் ஆணையம் அமைத்தது. 2025 ஆகஸ்டில் அளிக்கப்பட்ட அதன் அறிக்கை, ஈராண்டு முன்பருவக் கல்வி, எட்டாண்டுத் தொடக்கக் கல்வி, நான்காண்டு இடைநிலைக் கல்வி என்ற அமைப்பைப் பரிந்துரைத்தது. தில்லியும் பெங்களூருவும் எதில் முரண்பட்டாலும், முதல் வகுப்புக்கு முன் முறையான மழலைக் கல்வி தேவை என்பதில் ஒன்றுபடுகின்றன. நடைமுறைப்படுத்தும் அமைப்பு எது என்பதில்தான் இரண்டுமே தெளிவின்றி இருக்கின்றன.

பள்ளிக் குழுக்களின் நிலை

இங்குதான் பள்ளி அளவிலான மக்கள் குழுக்களின் பங்கு முக்கியத்துவம் பெறுகிறது. நாட்டுக்கு முன்னோடியாகக் கர்நாடகம் 2001 ஏப்ரலில் 'பள்ளி மேம்பாடு மற்றும் கண்காணிப்புக் குழு'க்களை அமைத்தது. அணு விஞ்ஞானி ராஜா ராமண்ணா தலைமையிலான கல்விப் பணிக்குழுவின் பரிந்துரையே இதற்கு அடிப்படை. பெற்றோரே இக்குழுக்களின் முதுகெலும்பு. பின்னர் வந்த கல்வி உரிமைச் சட்டமும், நான்கில் மூன்று பங்கு பெற்றோர், சரிபாதிப் பெண்கள் என்ற விதியுடன் பள்ளி மேலாண்மைக் குழுவைக் கட்டாயமாக்கியது. பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிக்கும் பொறுப்பும் அக்குழுவுக்கு உண்டு.

அரசு தயங்கி நின்ற இடத்தில் முதலில் அடியெடுத்து வைத்தவை இக்குழுக்களே. முதல் வகுப்பில் சேரும் குழந்தைகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் சரிவதைக் கண்ட பல ஊர்களில், குழு உறுப்பினர்களே நன்கொடையாளர்களைப் பிடித்து, தற்காலிக ஆசிரியையை அமர்த்தி, அரசுப் பள்ளியின் காலி அறையில் எல்.கே.ஜி. வகுப்பைத் தொடங்கினர். எல்.கே.ஜி.க்காகத் தனியார் பள்ளிக்குப் போகும் குழந்தை முதல் வகுப்புக்குத் திரும்பி வருவதில்லை என்ற அனுபவ அறிவே அதற்குக் காரணம்.

ஆனால், இந்த முயற்சிகளுக்கு அரசின் நிலையான நிதி இல்லை. ஆசிரியைக்குச் சம்பளம் நன்கொடையாளரின் மனநிலையைப் பொறுத்தது. அங்கன்வாடியைப் போல உணவுக்கோ ஊட்டச்சத்துக்கோ உத்தரவாதம் இல்லை. வசதியுள்ள ஊரில் வகுப்பு நிலைக்கும். கூலித் தொழிலாளர் பகுதியில் ஓரிரு ஆண்டுகளில் நின்றுவிடும். மழலைக் கல்வி மிகவும் தேவைப்படும் இடத்தில்தான் அது முதலில் அறுபடுகிறது.

மேலும், அங்கன்வாடிக்கென 'பால விகாஸ சமிதி' என்ற தனிக் குழு உள்ளது. பள்ளி வளாகத்துக்குள் அங்கன்வாடி வந்தால், ஒரே சுற்றுச்சுவருக்குள் இரு குழுக்கள், இரு துறைகள், இரு கணக்குகள். கூரை ஒழுகினால் எந்தக் குழு முறையிடுவது, எந்தத் துறை செலவிடுவது என்ற சின்னக் கேள்வியிலேயே மாதங்கள் கழிந்துவிடும்.

நகரங்களில் நிலைமை இன்னும் மோசம். ஊராட்சிகளுக்கான அரசமைப்பின் 11-வது அட்டவணையில் தொடக்கக் கல்வியும், மகளிர்-குழந்தைகள் மேம்பாடும் இடம்பெற்றுள்ளன. நகராட்சிகளுக்கான 12-வது அட்டவணையில் 'கல்வி சார்ந்த அம்சங்களை ஊக்குவித்தல்' என்ற பொதுவான வரி மட்டுமே உள்ளது. பெங்களூரு மாநகராட்சி தன் முயற்சியில் மழலையர் பள்ளிகளை நடத்தி வந்த போதிலும், அதன் மன்றத்தின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்த பின் ஐந்தாண்டுகளுக்கும் மேலாகத் தேர்தலே நடைபெறவில்லை. 2025 செப்டம்பரில் அம்மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்பட்டு, கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் கீழ் வந்தது. எல்லைகள் மாறின. தங்கள் வார்டில் மழலையர் பள்ளி வேண்டும் என்று கேட்க ஒக்கலிபுரவாசிகளுக்கு ஒரு கவுன்சிலர் கூட இல்லாத நிலையே இந்தக் காலம் முழுவதும் நீடித்தது.

தமிழகம் கற்ற பாடம்

இந்தத் தடத்தில் தமிழகம் முன்பே நடந்து, இடறியும் இருக்கிறது. 2019 ஜனவரியில் அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி, அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கிய 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கி வைத்தார். உபரி இடைநிலை ஆசிரியர்கள் அங்கு பணியமர்த்தப்பட்டனர். தொடக்கப் பள்ளிக்குப் பயிற்சி பெற்ற தங்களை மழலையர் வகுப்புக்கு அனுப்புவது பதவி இறக்கம் என்று கூறி ஆசிரியர்கள் நீதிமன்றம் சென்றனர்.

தொடக்கப் பள்ளிகளில் ஆசிரியர் பற்றாக்குறை ஏற்பட்டதும், 2022-ல் திமுக அரசு அந்த ஆசிரியர்களைத் திரும்பப் பெற்று, குழந்தைகளை மீண்டும் அங்கன்வாடி ஊழியர்களிடமே ஒப்படைக்க முனைந்தது. எதிர்க்கட்சிகளும் பெற்றோரும் எதிர்த்தனர். சில நாள்களிலேயே முடிவு மாற்றப்பட்டது. வகுப்புகள் தொடரும் என அறிவிக்கப்பட்டது. பின்னர் மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியத்தில் தற்காலிகச் சிறப்பாசிரியர்கள் நியமிக்கப்பட்டனர்.

சத்துணவுத் திட்டத்தால் நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலத்தில், 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடிகளில் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவானவற்றில் தொடங்கிய ஒரு திட்டமே இவ்வளவு தடுமாறியது ஏன்? சமூக நலத் துறையின் கட்டடத்தில் பள்ளிக் கல்வித் துறையின் ஆசிரியரை அமர்த்திவிட்டு, இருவருக்கும் பொதுவான தலைமையை உருவாக்கத் தவறியதே காரணம். குழந்தையின் நாளில் ஆசிரியரின் பங்கு எது, அங்கன்வாடி ஊழியரின் பங்கு எது என்று வரையறுக்கப்படவும் இல்லை.

ஒன்டாரியோவின் வழி

லட்சக்கணக்கான ஈழத் தமிழர்கள் வாழும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் இதே கேள்வியை 2009-10-ல் எதிர்கொண்டது. மாகாண அரசின் சிறப்பு ஆலோசகர் சார்ல்ஸ் பாஸ்கல் 2009 ஜூனில் அளித்த அறிக்கையின் அடிப்படையில், நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு முழு நாள் மழலைக் கல்வி 2010 செப்டம்பரில் தொடங்கியது. முதலாண்டில் சுமார் 600 பள்ளிகள். 2014 செப்டம்பரில் மாகாணம் முழுவதும்.

அதன் அமைப்பு கவனிக்கத்தக்கது. நடத்தும் கடமை, தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட உள்ளூர்க் கல்வி வாரியங்களிடம் சட்டப்படி ஒப்படைக்கப்பட்டது. டொரொன்டோ பகுதியில் தமிழர்களும் இவ்வாரியங்களுக்குத் தேர்வு பெற்றுள்ளனர். ஒவ்வொரு வகுப்பிலும் ஓர் ஆசிரியரும், குழந்தை வளர்ப்பில் பயிற்சி பெற்ற ஒரு கல்வியாளரும் இணைந்து பணியாற்ற வேண்டும் என விதிக்கப்பட்டது. பெற்றோரிடையே போதிய தேவை இருந்தால், பள்ளி நேரத்துக்கு முன்னும் பின்னும் கட்டணப் பராமரிப்புக்கு வாரியமே ஏற்பாடு செய்ய வேண்டும். வெளி அமைப்புகள் வாயிலாகவும் அதை நடத்தலாம். இவற்றுக்கு மேலாக, குழந்தைகள் காப்பகங்களின் பொறுப்பும் வேறு துறையிலிருந்து கல்வித் துறைக்கு மாற்றப்பட்டது.

அங்கும் எல்லாம் சுமுகமாக நடந்துவிடவில்லை. இடப்பற்றாக்குறை இருந்தது. நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகள் பள்ளிக்குப் போய்விட்டதால் காப்பகங்கள் நிதி நெருக்கடியில் சிக்கின. கர்நாடக அங்கன்வாடி ஊழியர்கள் அஞ்சும் அதே விளைவுதான் இது. ஒன்டாரியோவின் செல்வ வளம் நமக்கு இல்லை என்பதும் உண்மை. ஆயினும், குறை நேர்ந்தால் யாரைக் கேட்பது என்ற கேள்விக்கு அங்கே ஒரே விடை இருந்தது.

பாதி நாள் போதுமா?

கர்நாடக விவாதத்தில் அதிகம் பேசப்படாத ஒன்று நேரம். பாதி நாளில் முடியும் எல்.கே.ஜி. வகுப்பு, குழந்தைக்கு எழுத்தறிவைத் தரலாம். வேலைக்குச் செல்லும் தாய்க்கு உதவாது. குழந்தையை அழைத்து வர யாரேனும் வேண்டும். பல குடும்பங்களில் அந்த 'யாரேனும்' பத்து, பன்னிரண்டு வயது மூத்த மகள். தம்பியின் பாதி நாள் பள்ளி, அக்காவின் முழு நாள் படிப்பைக் குலைத்துவிடுகிறது.

30 பெண்களுக்கு மேல் பணிபுரியும் ஆலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே விதித்தது. வீட்டு வேலை செய்வோரையும் தெருவோர வியாபாரிகளையும் எந்த ஆலைச் சட்டமும் தொடுவதில்லை. ஊரக வேலைத் திட்டத்தில் பணிபுரியும் பெண்களின் குழந்தைகளுக்காக 4,000 கிராம ஊராட்சிகளில் 'கூசின மனே' காப்பகங்களை 2023-ல் கர்நாடக அரசு அறிவித்தது. நல்ல திட்டம். ஆனால், அது கிராமங்களுக்கானது. மத்திய அரசின் 'பால்னா' திட்டம், 17 ஆயிரம் அங்கன்வாடிகளைக் காப்பகத்துடன் கூடிய மையங்களாக்க இலக்கு வைத்தது. 14 லட்சத்தில் 17 ஆயிரம் என்பது நூற்றுக்கு ஒன்றைச் சற்றே தாண்டும்.

வயது வரம்பு மாற்றங்களும் குழப்பத்தைக் கூட்டின. முதல் வகுப்பில் சேர ஜூன் 1-ம் தேதி ஆறு வயது நிறைந்திருக்க வேண்டும் என 2022-ல் கர்நாடகம் ஆணையிட்டது. பின்னர் அமலாக்கம் 2025-26-க்குத் தள்ளிப் போடப்பட்டது. அந்த ஆண்டும் வந்தபோது, யு.கே.ஜி. முடித்தவர்களுக்கு ஐந்து வயது ஐந்து மாதம் போதும் என்று பள்ளிக் கல்வி அமைச்சர் மது பங்காரப்பா ஒருமுறைச் சலுகை அறிவித்தார். ஆறு வயதுக்குப் பின்னரே முதல் வகுப்பு என்றால், அதற்கு முந்தைய ஆண்டுகளில் குழந்தைக்கு இடமளிக்கும் கடமை அரசுக்குக் கூடுகிறது. வாசலைத் தள்ளி வைத்த அரசு, திண்ணையையாவது கட்டித் தர வேண்டும்.

எந்த மொழியில் முதல் சொல்?

பெங்களூருத் தமிழர்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தரப் போதிய வசதி செய்ய வேண்டும் என்கிறது அரசமைப்பின் 350-ஏ பிரிவு. கர்நாடக அங்கன்வாடிகளின் 'சிலிபிலி' பாடத்திட்டம் கன்னடத்தில் அமைந்தது. அரசுப் பள்ளிகளில் தொடங்கப்படும் எல்.கே.ஜி. வகுப்புகளின் ஈர்ப்போ ஆங்கிலம். இரண்டுக்கும் இடையே, வீட்டில் தமிழ் பேசும் மூன்று வயதுக் குழந்தை முதல் நாளிலேயே புரியாத மொழியில் அமர்கிறது.

வாழும் மாநிலத்தின் மொழியைக் கற்பதில் பெங்களூருத் தமிழர்களுக்கு ஆட்சேபம் இல்லை. அவர்களது குழந்தைகள் தெருவிலேயே கன்னடம் கற்றுவிடுகின்றனர். அந்த மொழிக்குக் குழந்தையை அழைத்துச் செல்லும் பாலமாக, வீட்டு மொழி அறிந்த ஒருவர் வகுப்பில் இருக்க வேண்டும் என்பதே கல்வியாளர்கள் வலியுறுத்துவது. அதே பகுதியைச் சேர்ந்த பெண்ணை ஊழியராக அமர்த்தும் அங்கன்வாடி மரபு இதற்கு ஏற்றது. ஆனால், அங்கன்வாடி நியமனத்தில் உருது அறிந்தோருக்கு முன்னுரிமை என்ற அறிவிப்பு 2024 செப்டம்பரில் அரசியல் சர்ச்சையானதைக் கண்ட பின், இத்தகைய யோசனையைப் பேசவே அதிகாரிகள் தயங்கக்கூடும்.

இனி என்ன?

தீர்வு கைக்கு எட்டாததன்று. அங்கன்வாடியா, பள்ளியா என்று ஒன்றை வீழ்த்தி மற்றதை நிறுத்தும் அணுகுமுறையைக் கைவிட வேண்டும். குழந்தைக்குத் தேவையான உணவு, பராமரிப்பு, கல்வி ஆகிய மூன்றையும் இன்றைய நிலையில் எந்த ஒரு துறையும் தனியே தர இயலாது. ஒரே வளாகத்தில் ஒரு மழலைக் கல்வி ஆசிரியரும் அங்கன்வாடி ஊழியரும் பணியாற்ற, காலை முதல் மாலை வரை மையம் இயங்க, இருவரும் ஒரே குழுவுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதே நடைமுறைக்கு உகந்த வழி.

அந்தக் குழுவாகப் பள்ளி மேம்பாட்டுக் குழுவையே ஆக்கலாம். பால விகாஸ சமிதியை அதனுடன் இணைத்து, மழலையர் பெற்றோருக்கு அதில் இடமளித்து, முன்பருவக் கல்விக்கென ஆண்டுதோறும் ஒரு தொகையை அதன் கணக்கில் நேரடியாகச் செலுத்த வேண்டும். முன்பருவக் கல்வியையும் உள்ளடக்கிய மத்திய அரசின் 'சமக்ர சிக்ஷா' திட்டம் 2018 முதல் இருக்கிறது. நிதிக்கு வழியே இல்லை என்று சொல்ல முடியாது. தகுதி பெற்ற அங்கன்வாடி ஊழியர்கள் ஆசிரியர்களாக உயர வழி திறந்தால், ஃப்ரீடம் பார்க்கில் எழுந்த எதிர்ப்பு ஆதரவாக மாறும். நகரங்களில் வார்டு அளவில் இப்பொறுப்பை ஏற்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 11-வது பிரிவில் உள்ள 'செய்யலாம்' என்பதை 'செய்ய வேண்டும்' என மாற்றும் பணி நாடாளுமன்றத்துக்கு உரியது.

இதற்குச் செலவாகும் என்ற தயக்கம் நிதித் துறையினரிடம் இருக்கும். ஆனால், அச்செலவை இப்போதும் யாரோ ஒருவர் செய்துகொண்டுதான் இருக்கிறார். தனியார் மழலையர் பள்ளிக்கு வட்டிக்குக் கடன் வாங்கிக் கட்டணம் கட்டும் தந்தையும், வேலையை விட்டுவிடும் தாயும், பள்ளியை விட்டு நிற்கும் அக்காவும் அந்தச் செலவைச் சுமக்கின்றனர். அரசின் கணக்கில் அது வருவதில்லை, அவ்வளவுதான்.

வழிகாட்டு நெறிகள் தில்லியில் வெளியாகின்றன. அறிவிப்புகள் விதான சௌதாவிலிருந்து வருகின்றன. எந்தத் துறை என்ற வழக்கு தீரும்வரை நான்கு வயதுக் குழந்தை நான்கு வயதிலேயே காத்திருக்காது. இந்த ஆண்டு இடம் கிடைக்காத குழந்தைக்கு, அடுத்த ஆண்டு திட்டம் வந்தாலும் அந்த ஓராண்டைத் திருப்பித் தர எந்த அரசாலும் இயலாது.